மற்றப் பார்ட்டி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் சனம் யாரும் வீடு வாங்கப் போவதில்லை. டொக்டரிடம் பல்லுக் காட்டப் போவார்கள். பாங்கில் பாஸ் புத்தகம் மாற்றப் போவார்கள். தூரத்துச் சொந்தத்தில் யாருக்கோ சுகமில்லை என்று சொல்லிவிட்டுப் பார்க்கப் போவார்கள். பிறகு திடீரென்று ஒருநாள், "வாற வெள்ளிக்கிழமை புது வீட்டிலை பால் காய்ச்சுறம், கட்டாயம் வாங்கோ" என்று வாசலில் வந்து நிற்பார்கள். காணி உறுதிப் பத்திரம் எழுதிக் கையெழுத்து வைத்து முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்பது எங்களிடையே எழுதாத சட்டம். நாலு பேர் வாயில் விழுந்தால் நாவூறு பட்டுக் காரியம் கெட்டுவிடும். டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் கூட இந்த விஷயத்தில் வாயை இறுக மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நானும் அப்படித்தான் பல்லுக் காட்டப் போனேன்.

அப்போது நானும் கணவரும் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். அது எங்கள் எத்தனையாவது அனெக்ஸ் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வேன். ஒன்றில் மீன் சமைக்கக்கூடாது. இன்னொன்றில் ஒன்பது மணிக்குப் பிறகு குழாயைத் திறக்கக்கூடாது. வேறொன்றில் வீட்டுக்கார அம்மா என் கொடியில் காயும் உடுப்புகளைப் பார்த்துவிட்டு வந்து கருத்துச் சொல்லுவார். இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கொள்ளுப்பிட்டியில் ஓர் இன்சூரன்ஸ் கந்தோரில் நானும், புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் அவரும் வேலை செய்து காசு சேர்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்துத்தான் வீட்டுக்காரர் காணியைத் தொடர்மாடி கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். வருஷம் முடிவதற்குள் எழும்பிவிடவேண்டும் என்றார்.

தொடர்மாடியில் ஒரு பிளாட் வாங்கலாமா என்று விசாரித்துப் பார்த்தேன். அவர்கள் சொன்ன விலைக்கு யாழ்ப்பாணத்தில் ஓர் ஒழுங்கையை ஆட்களோடு சேர்த்து வாங்கலாம். என் மாமியார் வழிச் சொந்தக்காரி ஒருத்தி, நான் வீடு பார்க்கிறேன் என்று தெரியாமலே பொதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தபோது, "பிள்ளையில்லாத ஆக்களுக்குச் சொந்த வீடு என்னத்துக்கு? ஆருக்குச் சீதனம் குடுக்கப்போறியள்?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் ஊரில் வீடு என்றால் மகளுக்கு என்று கட்டுவது, மகளோடு போய்விடுவது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மழை பெய்தால் பிள்ளை பெற்றவர்கள் மட்டுமா நனைகிறார்கள்? எனக்கு வீடு எனக்குத்தான் வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

தரகர் சொன்ன வீடு வெள்ளவத்தையை அடுத்த பாமன்கடையில் இருந்தது. பஸ் போகும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, ஒரு கார் மூச்சுப் பிடித்துக்கொண்டு நுழையக்கூடிய ஒழுங்கை. அந்த ஒடுக்கம்தான் எங்களுக்கு வாய்ப்பாக அமைந்தது. அதற்குள் மாடி எழுப்ப அனுமதி கிடைக்காது என்பதால் கட்டிடக்காரர் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை, இரண்டு அறை, சமையலுக்கு, ஆள் இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் வெளியே நிற்கவேண்டிய ஒரு குசினி. சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. யன்னல் நிலையொன்றைக் கறையான் ஆறுதலாக இருந்து சாப்பிட்டிருந்தது. ஊரில் இருக்கும் சித்தப்பாவிடம் பின்னாளில் இதைச் சொன்னபோது, "எத்தனை பரப்புக் காணி?" என்று கேட்டார். ஊர் அளவான பரப்பில் சொன்னால் ஒன்றுகூடத் தேறாது, மனிதர் போனை வைத்துவிடுவார் என்று கதையை மாற்றினேன்.

வீட்டின் சொந்தக்காரி ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை. கொட்டாவையில் மகளோடு போய் இருக்கப்போகிறவர். முதல் நாள் நான் போனபோது, "எண்ட, எண்ட, நங்கி" என்று சிங்களத்தில் தங்கச்சி முறை வைத்து அழைத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு யன்னலையும் திறந்து காட்டினார். எந்த யன்னல் இறுகும், எந்தக் குழாயை இடப்பக்கம் திருப்பவேண்டும் என்றெல்லாம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். குசினிக் கதவைத் திறந்தார். பின்னால் ஒரு துண்டு முற்றம், மதிலோடு ஒரு கறிவேப்பிலை மரம். வாசல் தரையோடு தரையாக இருந்தது. படி ஏறவும் வேண்டாம், யாருடைய வீட்டையும் சுற்றிக்கொண்டு போகவும் வேண்டாம். ஒரு பொருளைப் பார்த்து இவ்வளவு ஆசைப்பட்டது என் கலியாணக் கூறைச் சேலைக்குப் பிறகு இதுதான்.

பாங்கிலிருந்து மதிப்பீடு செய்ய ஓர் ஆள் வந்தார். நாடாவைப் பிடித்தார், சுவரில் தட்டினார், பேப்பரில் காணிக்கு ஒரு விலை போட்டார். வீட்டுக்கு ஒன்றும் போடவில்லை. பழைய கட்டடத்துக்குப் பெறுமதி இல்லையாம். அவர் தட்டிய சுவரை நான் தடவிக் கொடுக்காத குறை.

தரகர் எங்கள் ஆள்தான். எப்போதும் வெள்ளைச் சேர்ட், கையில் இரண்டு போன், நெற்றி நிறையத் திருநீறு. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு ஐயருக்கு முதலே வந்து, செருப்பு வைக்கும் இடத்தருகில் நின்று வருகிறவர் போகிறவரை எல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். சொன்ன விலைக்கு நாங்கள் சரி என்றவுடன் அவருடைய முகத்தில் ஒரு கவலை வந்தது.

"அக்கா, உங்களுக்குத்தான் தரவேணுமெண்டு எனக்கு விருப்பம். ஆனால் மற்றப் பார்ட்டி ஒண்டு நிக்குது. வெளிநாட்டுக் காசு. நாளைக்கெண்டாலும் முடிப்பினம்."

மற்றப் பார்ட்டி. அன்றிலிருந்து எங்கள் அனெக்ஸில் மூன்றாவது ஆளாக அது வந்து இருந்துகொண்டது. நாங்கள் கொஞ்சம் ஏற்றினால் மற்றப் பார்ட்டியும் ஏற்றும். தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை அடகுகடையில் கொடுத்தேன். கணவர் கடை முதலாளியிடம் முற்பணம் கேட்டார். மற்றப் பார்ட்டி அசையவில்லை. முகம் தெரியாத அந்த மனிதரை நான் திட்டாத திட்டு இல்லை. லண்டனிலிருந்து லீவில் வந்து, ஓட்டு வீடு வடிவாக இருக்கிறது என்று விளையாட்டுக்கு வாங்கப் பார்க்கிற ஏதோ ஒரு கொழுத்த பேர்வழி என்று எனக்குள் ஓர் உருவமே செய்து வைத்திருந்தேன்.

இந்த ஓட்டத்தில் அக்காவோடு ஒழுங்காகக் கதைக்கக்கூட நேரம் இல்லாமல் போனது. அக்கா என் கூடப் பிறந்தவள், என்னைவிட எட்டு வயது மூத்தவள். அத்தான் காலமான பிறகு, மகன் கனடாவிலிருந்து வாங்கிக் கொடுத்த நாலாம் மாடி பிளாட்டில் தனியாக இருந்தாள். எங்கள் ஒழுங்கையிலிருந்து கூப்பிடு தூரம். ஒவ்வொரு பின்னேரமும் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிப்போம். அவளுக்கும் நான் சொல்லவில்லை. அவளுக்குச் சொன்னால் நாவூறு படும் என்று இல்லை. ஆனால் அவள் கனடாவுக்குச் சொல்லுவாள், கனடா ஊருக்குச் சொல்லும், ஊர் வெள்ளவத்தைக்குத் திருப்பிச் சொல்லும்.

"பின்னேரத்திலை எங்கையடி போறனி?" என்று கேட்டாள்.

"பல்லுக் காட்டப் போறனான்."

"இவ்வளவு நாளா ஒரு பல்லோ?"

"சொத்தை வேர் வரைக்கும் போட்டுதாம்."

அவளும் அந்த நாட்களில் அடிக்கடி வெளியே போனாள். கண் காட்டப் போகிறாளாம். ஒரு கண் மங்கலாம், சொட்டு மருந்து விட்டுத் திரும்பவும் வரச் சொன்னார்களாம். அக்காவின் கண் நல்லபடி ஆகவேண்டும் என்று கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். அவள் என் பல்லை நினைத்துப் பயந்து, வாய்க்குள் ஏதோ கட்டி என்று தானே முடிவுகட்டி, கஞ்சி காய்ச்சிப் போத்தலில் விட்டுக்கொண்டு வந்து தந்தாள். நல்ல பல்லோடு நான் ஒரு கிழமை, ஏழு நாளும் அந்தக் கஞ்சியைக் குடித்தேன்.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை பெய்து ஓய்ந்தது. கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் வராது என்று கணவரைக் கூட்டிக்கொண்டு பாமன்கடைக்குப் போனேன். ஆசிரியை அம்மா கதவைத் திறந்து, முகமெல்லாம் சிரிப்பாக எங்களை நேரே குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஸ்டூலில் இருந்து, கையில் பால் விடாத பிளேன்ரீ கோப்பையோடு, அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா.

"மே ஒயாகே அக்கா நேத?" என்றார் ஆசிரியை. உங்கள் அக்காதானே என்று கேட்கிறார். முதல் நாளே முகச் சாயல் பிடிபட்டதாம். நாங்கள் ஒரே வீட்டுக்காரர், சேர்ந்துதான் வாங்குகிறோம் என்று அந்த மனிசி இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"உன்ர கண் ஆஸ்பத்திரி இஞ்சையோ இருக்கு?" என்றேன்.

"உன்ர பல்லு டொக்டரும் இஞ்சை தானோ?" என்றாள்.

ஆசிரியைக்கு முன்னால் சண்டை பிடிக்க முடியாது. இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தோம், பிஸ்கட் சாப்பிட்டோம், அவருடைய பேரப்பிள்ளைகளின் படங்களைப் பார்த்தோம். ஒழுங்கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தோம். என் கணவர் பத்தடி தள்ளிப் போய், ஒரு மதிலில் ஒட்டியிருந்த டியூசன் விளம்பரத்தை மிகுந்த கவனத்தோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

"மற்றப் பார்ட்டி நீயோ?" என்றேன். "நீ ஏத்த ஏத்த நான் என்ர காப்புகளைக் குடுத்தனான், தெரியுமோ உனக்கு?"

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"நீ சொன்னனியோ?"

"எப்பிடிச் சொல்லுறது? உறுதி முடிய முந்தி ஆரும் சொல்லுவினமோ?"

இரண்டு பேரும் ஒரே அம்மாவிடம் வளர்ந்தவர்கள்தானே. ஆனால் கோபம் மட்டும் அடங்கவில்லை.

"உனக்கு ஒரு பிளாட் இருக்கு. இது என்னத்துக்கு?" என்றேன்.

"அந்த லிப்ட் மாசத்திலை பாதி நாள் வேலை செய்யாது. ஏறி இறங்கி என்ர முழங்கால் போட்டுது. மரக்கறி வாங்க இறங்கினால் திரும்பி ஏற அழுகை வரும். எனக்குத் தரையிலை ஒரு வாசல் வேணும்."

"எனக்கு ஒரு வாசலே இல்லை, அக்கா."

அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். மழை இல்லை. முகத்தை மறைக்கத்தான் விரித்தாள் என்று நினைக்கிறேன்.

அந்தக் கிழமை தேத்தண்ணீர் இல்லை, போன் இல்லை. கணவர் ஒரு தடவை மெதுவாக, "இஞ்சேரும், அக்காவுக்கே போகட்டும். மனிசி முழங்காலோடை கஷ்டப்படுது. நாங்கள் வேறை பாப்பம்" என்றார். எங்கே பார்ப்பது? அந்த விலையில் கொழும்பில் வேறு வீடு இல்லை என்பது அவருக்கும் தெரியும். பாங்கில் எங்கள் சம்பளத்துக்கு இதற்கு மேல் ஒரு சதமும் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தரகர் இன்னொரு தடவை ஏற்றினால் நாங்கள் விழுந்துவிடுவோம். பெருந்தன்மையாக நடந்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் நான் விட்டுக்கொடுக்க நினைக்கவே இல்லை. அக்கா விட்டுக்கொடுப்பாள் என்றும் எதிர்பார்க்கவில்லை. பிடிவாதம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் சரிசமமாகப் பங்கிடப்பட்ட சொத்து.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து சனம் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் கோயில் வாசலில் வெள்ளவத்தையின் பாதி நிற்கும். தரகர் வழக்கமான இடத்தில் நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கிட்ட வந்து, "அக்கா, மற்றப் பார்ட்டி இண்டைக்குப் பின்னேரம் ஒரு முடிவு சொல்லுவினம்" என்று காதோடு காதாகச் சொன்னார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து எங்களிடம் வந்தாள். வந்து, பக்கத்தில் நின்ற பெண்களைப் பார்த்து, தேர் இழுக்கும் நாளில் ஆட்களைக் கூப்பிடுவது போன்ற குரலில் சொன்னாள்:

"தெரியுமோ உங்களுக்கு? என்ர தங்கச்சி பாமன்கடையிலை வீடு வாங்குறாள்! தானும் மனுசனுமா உழைச்ச காசிலை. சீதனமா வந்ததுமில்லை, வெளிநாட்டிலையிருந்து வந்ததுமில்லை. கொழும்பிலை சொந்த உழைப்பிலை காணியோடை வீடு வாங்கின ஆள் எங்கட குடும்பத்திலை இவள்தான் முதல் ஆள்."

என் கணவரின் முகம் திருநீற்றைவிட வெளுத்துவிட்டது. உறுதி எழுதவில்லை, ஒரு கையெழுத்துக்கூட வைக்கவில்லை, அதற்குள் இத்தனை சனத்துக்கு முன்னால்! எனக்கும் பழக்கத்தில் அவள் வாயைப் பொத்தத்தான் கை எழுந்தது. ஆனால் கை பாதியில் நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் என்னைப் பற்றி ஒருவரும் இவ்வளவு சத்தமாக ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது, அதற்கெல்லாம் மேலாகப் பெருமையாக இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன். பிள்ளையில்லாத ஆக்களுக்கு வீடு என்னத்துக்கு என்று கேட்ட அந்தச் சொந்தக்காரியும் கூட்டத்தில்தான் நின்றாள். அவளுடைய கண்ணைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா அதோடு நிற்கவில்லை. தரகர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, மற்றப் பார்ட்டி நான்தான். நான் விலகிட்டன். இவள் என்ர தங்கச்சி. இனி மற்றப் பார்ட்டி எண்டு நீர் ஆரையும் சொல்லவேண்டாம். சொன்னால், நான் ஒவ்வொரு வெள்ளியும் இந்த இடத்திலைதான் நிப்பன்."

நாங்கள் சகோதரிகள் என்று அந்த மனிதருக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று பின்னேரமே போன் எடுத்து, "அக்கா, உங்கட நல்ல மனசுக்குச் சரிவந்திட்டுது, முதல் சொன்ன விலைக்கே முடிப்பம்" என்றார். ஆசிரியை அம்மாவிடம் பிறகு கேட்டேன். தான் எப்போதும் அந்த ஒரு விலைதான் சொன்னதாகவும், இடையில் ஏறியது தனக்குத் தெரியவே தெரியாது என்றும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கந்தோரில் உறுதி முடிந்தது. ஊரே அறிந்த பிறகு எழுதின உறுதி எங்கள் பரம்பரையில் இதுவாகத்தான் இருக்கும். ஒரு நாவூறும் படவில்லை. வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயரை வாசித்துக் காட்டியபோது, இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எழுத்துப் பிழை இருக்கிறதா பார்க்கிறேன் என்று நொத்தாரிசு நினைத்திருப்பார்.

குடிபோகும் முன் ஓடு மாற்றினோம், கறையான் தின்ற நிலையைக் கழற்றிப் புதிது போட்டோம். சுவரின் ஈரம் முழுதாகப் போகவில்லை, இப்போதும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும். பால் காய்ச்சிய அன்று அந்தச் சின்ன வீட்டுக்குள் சனம் கொள்ளவில்லை. கோயில் வாசலில் கேட்டவர்கள் எல்லாரும் அழைப்பு வந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். பொங்கின புக்கை தீர்ந்து, கடைச் சாப்பாடு எடுப்பித்தோம்.

எல்லாரும் போன பிறகு அக்கா மட்டும் நின்றாள். மெதுவாக ஒவ்வொரு இடமாக நடந்து பார்த்துக்கொண்டு வந்தாள். முன்னறையில் வந்து நின்றாள். அங்கே கணவரின் பெரிய மேசையை யன்னலோடு போட்டிருந்தோம்.

"இதிலைதான் என்ர கட்டிலைப் போட நினைச்சனான்," என்றாள். "காலமை எழும்பினவுடனை யன்னலைத் திறந்தால் ரோட்டிலை போற ஆக்களின்ர முகம் தெரியும். மரக்கறிக்காரனை இருந்த இடத்திலையிருந்தே கூப்பிடலாம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. சந்தையில் பார்த்துவிட்டு வாங்காமல் வந்த சேலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். கோயில் வாசலில் அவள் எனக்காக எதை விட்டுக்கொடுத்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது வரைக்கும் விலையைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்சருங்கோ, உங்கட மேசையைப் பின்னறைக்குத் தள்ளவேணும், வாங்கோ" என்று கணவரைக் கூப்பிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மேசையின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தை அவர் பிடித்தார். அக்கா ஒன்றும் விளங்காமல் கதவோடு ஒதுங்கி நின்றாள்.

"அக்கா, உன்ர கட்டிலை அப்பிடியே படியாலை இறக்கலாமோ, கழட்டவேணுமோ?" என்று கேட்டேன்.

அவள் யன்னலடிக்குப் போய் அதைத் திறந்தாள்.

"கழட்டத்தான் வேணும்," என்றார் என் கணவர். "நாளைக்குக் கடையிலையிருந்து ஸ்பானர் கொண்டுவாறன்."